பத்தொன்பது வயதுக்குப் பின்னும் ஒரு வாசல்

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாள் தீர்ப்பு நாள். சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், மதுரங்குளி வழியாகப் புத்தளம் நகர் வரையும், பாலாவியில் திரும்பி நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை கடந்து கற்பிட்டி வரையும் 'பயோ' படித்த பிள்ளை உள்ள வீடுகளில் அன்று ஒரே கேள்விதான்: மெடிசின் கிடைக்குமா? மூன்று பாடங்களில் எடுத்த புள்ளிகள் இசட் புள்ளி என்ற ஒற்றை எண்ணாகி வருகின்றன. வெட்டுப்புள்ளிக்கு மேலே நின்ற பிள்ளையை ஊர் அன்றைக்கே டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கிவிடுகிறது. தசமத்துக்குப் பின்னால் இரண்டாவது மூன்றாவது இலக்கத்தில் பின்தங்கிய பிள்ளை, 'செகண்ட் ஷை', 'தேர்ட் ஷை' என்று மறுபடியும் எழுதிப் பார்க்கலாம். மூன்று தடவைக்கு மேல் எழுதினாலும் பல்கலைக்கழக அனுமதிக்கு அது கணக்கில் வராது. இடையில் வேறொரு பட்டப்படிப்புக்கு அரச பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டால், பொதுவாக அந்த வழியும் அடைபட்டுவிடும். பத்தொன்பது, இருபது, மிஞ்சினால் இருபத்தொரு வயது. அதன் பிறகு இலங்கையின் எந்த அரச மருத்துவ பீடத்திலும் அந்தப் பிள்ளைக்கு இடமில்லை.

இந்த ஏற்பாட்டைக் குறைசொல்ல வருகிறவர்கள் முதலில் அதன் நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். பரீட்சைத் தாளைத் திருத்துகிறவருக்கு எழுதிய பிள்ளையின் தகப்பன் யார், எந்த மதம், எந்தக் கட்சி என்பது தெரியாது. இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை விகிதப்படியும் பகிரப்படுகின்றன. எஞ்சிய 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அவற்றில் புத்தளமும் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் வந்த மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இன் மாவட்டக் கோட்டாவும் யாழ்ப்பாணத்தின் நெஞ்சில் ஆறாத காயத்தை விட்டுச் சென்றன. அதே மாவட்டக் கோட்டாதான் ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையில் படித்த மன்னார், புத்தளம் பிள்ளைகளுக்கு மருத்துவ பீடத்தின் படியைக் காட்டியது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் இந்த விஷயத்தைப் பேச முடியும்.

நான் கேட்க விரும்புவது வேறு. பத்தொன்பது வயதில் நடத்தும் தேர்வு நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அது ஏன் கடைசித் தேர்வாகவும் இருக்க வேண்டும்? மருத்துவராகும் தகுதி ஒருவரிடம் இருபத்தைந்து வயதில் முதிர்ந்து வந்தால், அதைப் பார்க்கவே மாட்டோம் என்று ஒரு நாடு ஏன் முடிவெடுக்க வேண்டும்?

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகள் காணாமல் போய்விடுவதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்துக்குச் சம்மாந்துறைக்குப் போகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு, பேராதனைக்கு, மாக்கந்துரைக்குப் போகிறார்கள். விவசாயம், உயிரியல் விஞ்ஞானம், தாதியியல், மருந்தாளர் கல்வி, யூனானி, சித்தம் என்று படிக்கிறார்கள். மூன்று நான்கு வருடம் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டு, ஆங்கிலத்திலேயே அறிக்கை எழுதப் பழகுகிறார்கள். தமிழ்மொழி மூலம் உயர்தரம் எழுதி நேரே மருத்துவ பீடத்துக்குள் போகும் பிள்ளையை முதல் வருடத்தில் மூச்சுத்திணற வைக்கும் மொழித்தடையை இவர்கள் தாண்டியாகிவிட்டது. பிறகு ஊருக்குத் திரும்பி வேலைக்குக் காத்திருக்கிறார்கள். 2020இல் அரசு 50,000 பட்டதாரிகளைச் சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைக் கொண்டுவந்தபோதும், அதற்கு முன்னும், இப்படிப்பட்ட பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பிரதேச செயலகங்களில் வந்து அமர்ந்தார்கள். கலவியல் படித்தவர் நலன்புரி உதவிப் பட்டியலைச் சரிபார்க்கிறார். நுண்ணுயிரியல் படித்தவர் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குகிறார். எந்த வேலையும் இழிவில்லை. ஆனால் அவர்கள் கற்றதற்கு அந்த மேசையில் வேலை இல்லை.

அவர்களில் ஒருவரைக் கற்பிட்டிக் குடாநாட்டின் ஒரு தோட்டத்துக் கிணற்றடியில் பார்த்தேன். இரசாயனமும் உயிரியலும் படித்தவர். அந்தப் பகுதியின் மண் முழுக்க மணல். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வருடம் முழுக்க விளைகின்றன என்றால், அதற்குக் காரணம் ஓயாமல் இறைக்கும் தண்ணீரும் ஓயாமல் போடும் யூரியாவும்தான். ஊற்றும் நீரில் பாதி பயிருக்கு. மீதி பசளையைக் கரைத்துக்கொண்டு மணல் வழியே நேரே நிலத்தடிக்கு இறங்குகிறது. வெங்காயப் பாத்தி முடியும் வரப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடிநீர்க் கிணறு. அந்தப் பட்டதாரி ஒரு சிறு போத்தலில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு சோதனைத் தாளை நனைத்து, நிறம் மாறுவதற்காகப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிர் நிறத் தாள் கடும் ஊதாவாக மாறியது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மூத்தும்மா கேட்டார்:

"மகள், இந்தத் தண்ணியில புள்ளைக்கு பால்மா கரைச்சிக் குடுக்கலாமா?"

"வாணாம் மாமி."

"நல்லாக் கொதிக்க வெச்சி ஆறவெச்சா? கிளினிக்ல மிஸ்ஸிமார் கொதிச்சாறின தண்ணிதானே குடுக்கச் சொன்ன?"

"கொதிச்சாக் கிருமி சாகும் மாமி. இது கிருமியில்ல, பசளையில இருந்து இறங்கினது. தண்ணி வத்த வத்த இது கூடத்தான் செய்யும். புள்ளைக்கு மட்டுமாவது பில்டர் தண்ணி எடுங்க."

கற்பிட்டியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் வரையறுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைப் பல இடங்களில் தாண்டி நிற்கிறது என்று ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையின் வயிற்றில் அந்த நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். பாடப்புத்தகத்தில் இது ஒரு பத்தி. சுகாதாரப் பிரிவு நாடு முழுவதற்கும் சொல்லும் அறிவுரை கொதித்தாறிய நீர் என்பதுதான். வயிற்றோட்டத்திலிருந்து எத்தனையோ குழந்தைகளைக் காப்பாற்றிய நல்ல அறிவுரை அது. இந்தக் குடாநாட்டின் கிணற்றுக்கு மட்டும் அது போதாது. போதாது என்பதைத் தெரிந்து, அந்த மூத்தும்மாவுக்கு விளங்கும் பேச்சில் அதைச் சொல்லி, மாற்று வழியும் காட்டக்கூடிய ஒருவர் கிணற்றடியில் நின்றிருந்தார். அவர் மருத்துவராக விரும்பியவர். இசட் புள்ளி போதவில்லை. அன்றைக்குப் போதாமற்போனது எதுவோ, அது இன்றைக்கு அவரிடம் இருக்கிறது. அதை அளக்கத்தான் நம்மிடம் ஏற்பாடு இல்லை.

இந்தக் கரையின் நோய்கள் எல்லாமே இப்படித்தான், இடத்தோடு ஒட்டியவை. கண்டக்குழியிலிருந்து கடலட்டைக்கும் சங்குக்கும் குளிக்கப் போகிறவர் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்தால், இரத்தத்தில் நைதரசன் குமிழ்கட்டிக் கைகால் விழுந்துபோகும். அவரைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை தாங்கி இறங்கினீர்கள், எத்தனை பாகம் ஆழம் என்பது. நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்தைச் சுற்றி வாழும் சனம் சாம்பலையும் தூசியையும் பற்றி வருடக்கணக்காக முறையிடுகிறது. பத்தலங்குண்டிலோ உச்சமுனையிலோ பிரசவ வலி வந்தால் படகில்தான் கற்பிட்டிக்கு வர வேண்டும். காற்றுக் காலத்தில் அந்தப் பயணத்தை யார் எந்த நேரத்தில் முடிவு செய்கிறார்கள் என்பதில் இரண்டு உயிர் தங்கியிருக்கிறது. நோயைப் போலவே படிப்பின் தடங்கலும் இந்தக் கரையோடு ஒட்டியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்தக் கரையில்தான் வந்து சேர்ந்தார்கள். ஓலைக் கொட்டிலில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குப் படிப்பு நின்று நின்றுதான் தொடர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பரீட்சை வயது மட்டும் நிற்கவில்லை.

பட்டம் பெற்றவரை மருத்துவத்துக்கு எடுப்பது உலகத்தில் புதுமை இல்லை. 1893இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறந்தபோது, பட்டதாரிகளே சேரலாம் என்பதும் ஆண்களுக்குச் சமமாகப் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்பதும் ஒன்றாகவே வந்த நிபந்தனைகள். பணம் திரட்டிக் கொடுத்த பெண்கள், குறிப்பாக மேரி காரெட், அவற்றை வைத்தார்கள். இன்றும் அந்த நாட்டில் பொதுவாக நாலு வருடப் பட்டத்துக்குப் பிறகுதான் மருத்துவம். அவுஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996இல் பட்டதாரி அனுமதியைத் தொடங்கியது. அடுத்த வருடமே சிட்னியும் குயின்ஸ்லாந்தும் அந்த வழிக்கு வந்தன. பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து வழமையான படிப்போடு கூடவே, பட்டதாரிகளுக்கு நாலு வருட மருத்துவப் படிப்பு ஒன்றும் நடக்கிறது. சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். 2007 முதல் பட்டதாரிகளை மட்டுமே எடுக்கிறது. இந்தியாவில் தனிவழி இல்லாவிட்டாலும், மருத்துவ நுழைவுக்கான நீட் தேர்வின் மேல் வயதெல்லையை 2022இல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டைச் சட்டம் போட்டு ஒதுக்கியது. வாசல் போதவில்லை என்று கண்டால் இன்னொன்றைத் திறக்கலாம் என்பதற்கு அது பக்கத்து வீட்டு உதாரணம்.

நம் சொந்த வரலாற்றிலும் இதற்கு வேர் உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய ஆரம்பகால மாணவர்களில் வட்டுக்கோட்டை செமினரியில் உயர்கல்வி கற்றுத் தேறியவர்கள் இருந்தார்கள். மொழியும் தர்க்கமும் கணிதமும் படித்த வாலிபர்கள் அவர்கள். பிறகு அவர் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். உடற்கூறும் இரணவைத்தியமும் இரசாயனமும் தமிழ் நூல்களாயின. 1873இல் திரும்பிப் போவதற்கு முன் 60க்கு மேற்பட்டவர்களை மருத்துவர்களாக்கினார். இந்தியாவிலும் இலங்கையிலும் தமிழில் ஐரோப்பிய மருத்துவம் பேசத் தொடங்கியதற்குப் பின்னால், ஏற்கனவே படித்து முடித்திருந்த மனிதர்களை மறுபடி மாணவராக ஏற்றுக்கொண்ட ஒரு ஆசிரியர் நிற்கிறார்.

இலங்கையில் இன்று மருத்துவத்துக்கு இரண்டாவது வாசல் இல்லை என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. பணமுள்ளவருக்கு அது எப்போதும் திறந்தே இருக்கிறது. ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் பங்களாதேசத்துக்கும் நேபாளத்துக்கும் போய்ப் படித்து, திரும்பி வந்து மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையில் தேறினால் அவரும் டொக்டர்தான். உள்ளூரில் அந்தப் பணவாசலைத் திறக்கும் முயற்சி இரண்டு தடவை நடந்தது. 1980களில் ராகமையில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி. பிறகு மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி. பெரும் மாணவர் போராட்டங்களுக்குப் பிறகு முதலாவதை அரசு எடுத்துக்கொண்டது, இரண்டாவது கைவிடப்பட்டது. இலவசக் கல்வியைக் காக்க வீதிக்கு வந்த மாணவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வாதப் பிரதிவாதம் முழுவதும் பணம் கொடுத்துப் படிக்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நடந்து முடிந்தது. பணமும் இல்லாத, பத்தொன்பது வயதில் புள்ளியும் போதாத, ஆனால் இருபத்தைந்தில் எல்லாத் தகுதியும் உள்ள மீனவன் மகளுக்கு என்ன வழி என்று அன்று யாரும் கேட்கவில்லை.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, ஒருவருக்கு அரசு செலவில் ஒரு பட்டமே கிடைக்காத நாட்டில் இன்னொருவருக்கு இரண்டா என்பது. இந்தக் கேள்வி என்னைத் தொந்தரவு செய்கிறது. ஆனால் முதல் பட்டத்துக்கான செலவு ஏற்கனவே ஆகிவிட்டது. அதைப் பெற்றவரைக் கற்றதோடு தொடர்பில்லாத மேசையில் முப்பது வருடம் அமர்த்திச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பதுதான் பெரிய விரயம். இரண்டாவது, வயது. இருபத்தைந்தில் தொடங்கினால் நாலு அல்லது ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, முப்பது தாண்டிவிடும். பெண்ணென்றால் கலியாணமும் பிள்ளையும் இடையில் வரும். வரட்டும். முப்பத்தொரு வயதில் ஊர் ஆஸ்பத்திரியில் அமர்கிறவருக்கு அதன் பிறகும் ஏறத்தாழ முப்பது வருட சேவைக்காலம் இருக்கிறது. பிள்ளை பெற்று வளர்த்த பெண் மருத்துவரிடம் இந்தக் கரையின் பெண்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதைக் கிளினிக் வரிசையில் நின்ற யாரும் அறிவார்கள்.

மூன்றாவது, தென்கொரியாவின் அனுபவம். 2005 முதல் அங்கே பல பல்கலைக்கழகங்கள் ஆறு வருடப் படிப்பை விட்டுப் பட்டதாரி மருத்துவக் கல்லூரிகளாக மாறின. விஞ்ஞானத் துறைகள் மருத்துவ நுழைவுக்கான காத்திருப்பு அறைகளாகிவிட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2010இல், விரும்பிய முறையை நீங்களே தெரிவுசெய்யலாம் என்று அரசு சொன்னதும் பெரும்பாலானவை பழைய முறைக்கே திரும்பின. இதிலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம் தெளிவானது: இருக்கும் வாசலை இடிக்கக் கூடாது, அதன் பக்கத்தில் சிறியதாக இன்னொன்றை வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் நம்பிக்கை பற்றியது. நேர்முகத் தேர்வு வைத்தால் அரசியல்வாதியின் கடிதம் வரும், சிபாரிசு வரும், இனம் பார்ப்பார்கள் என்று சனம் பயப்படுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணமான வரலாறு நமக்கு உண்டு. இசட் புள்ளியை மக்கள் பொறுத்துக்கொள்வது, அதற்குக் கண் இல்லை என்பதால்தான். ஆகவே புதிய வாசலுக்கும் கண் இருக்கக் கூடாது. முழு நாட்டுக்கும் பொதுவான எழுத்துப் பரீட்சை, அதே வெட்டுப்புள்ளி ஒழுங்கு, முன்கூட்டியே வர்த்தமானியில் வெளியிட்ட விதிகள், பிரதேச செயலகத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஆய்வுகூடத்திலோ செய்த சேவை வருடங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட புள்ளி. முகம் பார்த்துக் கொடுக்கும் புள்ளி ஒன்றுகூட வேண்டாம்.

இந்தக் கரையில் வலை வீசுகிறவர் பிடிக்க நினைக்கும் மீனைப் பார்த்துத்தான் கண்ணியின் அளவைத் தீர்மானிப்பார். நாட்டுக்கு எப்படிப்பட்ட மருத்துவர் வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்தால் தெரிவு முறையும் அதிலிருந்து வரும். 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. சம்பளம், வரி, மருந்தில்லாத வார்டு எல்லாம் அவர்களைத் துரத்தின. எஞ்சியவர்களிலும் திறமை வரிசையில் முன்னிற்பவர் நகரத்தைத் தெரிவு செய்கிறார். தூரத்து ஆஸ்பத்திரி கடைசியில் நிற்பவருக்கு விழுகிறது. அவரும் இடமாற்றம் வரும் வரை நாளை எண்ணுகிறார். இருபத்தைந்து வயதில், தன் ஊரில் தாய் தகப்பனையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு, இந்த ஊரின் தண்ணீரையும் கடலையும் பேச்சையும் அறிந்து, இங்கேயே வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்து மருத்துவம் படிக்க வருகிறவர் வேறொரு வகை மருத்துவராவார்.

வடமேல் மாகாணத்துக்கு இப்போது குளியாப்பிட்டியில் வயம்ப பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் இருக்கிறது. 2012 கணக்கெடுப்பில் 762,396 பேர் வாழ்ந்த புத்தளம் மாவட்டம் அதே மாகாணத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் உயர்தர வழியில் வரும் எந்தப் பிள்ளையின் இடத்தையும் தொடாமல், அந்தப் பீடத்தில் மேலதிகமாக ஒரு சில இடங்கள். பின்தங்கிய மாவட்டங்களைச் சேர்ந்த விஞ்ஞான, தாதியியல், மருந்தாளர் பட்டதாரிகளுக்கு மட்டும். படிப்பு முடிந்தபின் சொந்த மாவட்டத்தில் பத்து வருடச் சேவை. இவ்வளவுதான் நான் கேட்பது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் மருத்துவ சபையும் ஒரு மேசையில் அமர்ந்தால் இதற்கான விதிகளை எழுதிவிடலாம். மருத்துவர் சங்கங்கள் தரம் குறையும் என்று அஞ்சினால், இறுதிப் பரீட்சையை எல்லோருக்கும் ஒன்றாகவே வைக்கட்டும். தரத்தை அங்கே காக்கட்டும்.

இந்தக் கரையின் ஆசிரியர்களிடமும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகிகளிடமும், பாராளுமன்றத்துக்கும் மாகாண சபைக்கும் நம் வாக்கைக் கேட்டு வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வரும் நாளில் மெடிசின் கிடைத்த பிள்ளைக்குப் பதாகை கட்டுங்கள், அது வேண்டியதுதான். அடுத்த வாரம் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கே விஞ்ஞானப் பட்டத்தோடு இருக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுங்கள். அந்தப் பட்டியலோடு வாருங்கள், சேர்ந்து கேட்போம்.